பவுடர் தரையில் குதிகால் தடம்

"கைய இப்படி இறுக்காதீங்கண்ணே. அவங்க என்ன பஸ் கம்பியா?"

சல்சா நடன கிளப்பின் ஆசிரியை சொன்னதும், ஆடக் கற்க வந்திருந்த முடிதிருத்துபவர் கையை விட்டார். கூட ஆடியவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாள். இன்றும் ஆட்டம் கைகூடாவிட்டால் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"கொஞ்ச நேரம் காத்தோட ஆடுங்க," என்றாள் ஆசிரியை.

வெறுங்கையை வளைத்து ஆடினார். பாட்டின் நடுவில், உள்ளங்கையில் ஒரு முதுகின் சூடு வந்து சாய்ந்தது. விரல்கள் தாமாகவே தளர்ந்தன. இடது கையை லேசாக உயர்த்தினார். அந்தச் சூடு அதன் கீழே சுழன்று உள்ளங்கைக்கே திரும்பியது.

பாட்டு முடிந்தது. கால் எளிதாக வழுக்கிச் சுழல்வதற்காகப் பவுடர் தூவியிருந்த தரையில், அவருடைய ஷூ தடங்களுக்கு எதிரெதிரே குதிகால் உயர்ந்த செருப்பின் புதுத் தடங்கள் இருந்தன. ஆசிரியை குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் ஆடுறாங்க," என்றாள்.

அதுவரை யாரையும் ஆட அழைத்திராதவர், எதிரே இருந்த வெற்றிடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"இன்னொரு பாட்டு ஆடலாமாங்க?"