புதன்கிழமைச் சாம்பிராணி

குடியிருப்பவர் மனம் சோர்ந்தால் அறையில் வெண்பனி திரளும்படி கட்டிய வீடுகள் அவை. பக்கத்து வீட்டார் பார்த்து உதவிக்கு வருவார்களாம்!

மூன்று வாரமாக நிறைமதியின் கட்டிலைச் சுற்றிப் பனி மிதந்தது. பார்ப்பவர்கள் மகளுக்குப் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்களே என்று வடிவு தினமும் சாம்பிராணி போட்டு அதை மறைத்தாள்.

“செவ்வாய், வெள்ளிதானேம்மா போடுவாங்க? இன்னிக்குப் புதன்.”

“சாமிக்குக் கிழமை ஏதுடி?”

மூச்சுமுட்டி நிறைமதி ஜன்னலைத் திறந்தாள். எதிர்க் கட்டடத்தில் எட்டாம் மாடி, ஐந்தாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஜன்னல் ஜன்னலாகச் சாம்பிராணிப் புகை மெல்ல மிதந்து வந்தது.

“அம்மா, இங்க வந்து பாரேன்.”

வடிவு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தூபக்காலில் தண்ணீரை ஊற்றினாள்.