பனி நிற்காத வாசல்

"ஓனுமா அம்மா கையெழுத்துப் போட மாட்டாங்க. கம்பெனிக்காரன் மாசாமாசம் ஏதோ குடுக்குறான் போல."

தெருச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னது நான்தான். எழுபத்தொன்பது வயதில், கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. ஓனுமா அம்மாள் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு முழங்கால் ஆழத்துக்குப் பனி கொட்டியது. காலையில் பார்த்தால் என் வாசல் சுத்தமாக இருந்தது. கம்பெனியின் அனலில் உருகிவிட்டது, நான் சொன்னது சரிதான் என்று திருப்தியோடு தேநீர் போட்டேன்.

எங்கள் ஊர் ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோவில். தெருக்கோடியில் ஏ.ஐ.க்காக ஒரு டேட்டா சென்டர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெரு முழுவதும் எரிக்கிற மின்சாரம் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. ராப்பகலாக உறுமுகிறது. பக்கத்திலேயே இன்னொன்று வரப்போகிறதாம். தடுக்க மனு எழுதினோம். முப்பத்தாறு வீட்டில் முப்பத்தைந்து கையெழுத்து வந்தது. வராதது என் பக்கத்து வீட்டு ஓனுமா அம்மாளுடையது.

மனுவில் முதல் சான்றே என் வாசல்தான். இரண்டு குளிர்காலமாக அங்கே பனி நிற்பதில்லை. டேட்டா சென்டரின் அனல் காற்றில் உருகுகிறது என்று எழுதினேன். கேட்டிலிருந்து தெரு வரை ஒன்பதே கால் மீட்டர் என்றும் போட்டேன். உத்தேசமாக எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. மாத்திரை போட்டால் ஏழு மணி வரை வரும்.

ஓனுமா அம்மாள் முற்றத்திலோ, ஜன்னல் மறையப் பனிக் குவியல். அங்கே ஏன் உருகவில்லை என்று யாரோ கேட்டார்கள். அனல் நேர்கோட்டில் வருகிறது என்று விளக்கினேன்.

மனுவை நீட்டியபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அந்தப் பனி விஷயத்தை மட்டும் அடிச்சிருங்க. உறுமலை எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"உண்மையை எதுக்கும்மா அடிக்கணும்?"

"சரி, விடுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரியும், கம்பெனிப் பெண் ஒருத்தியும் அளவுக் கருவியோடு வந்தார்கள். தெருவே கூடிவிட்டது.

"ஐயா, அனல் வெளியேறுறது ஆத்துப் பக்கம்" என்றார் அதிகாரி. "உங்க வாசல்ல மைனஸ் ஏழு காட்டுது."

"அப்ப என் பனி எங்க போச்சு? கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

கம்பெனிப் பெண் குனிந்து பார்த்தாள். "உருகியிருந்தா ஓரம் வழவழன்னு இருக்கும். இது வெட்டின மாதிரி இருக்கு, தாத்தா. யாரோ அள்ளியிருக்காங்க."

"யாரு அள்ளுவா? இடுப்பு எலும்பு மாத்தினதிலேர்ந்து டாக்டர் என்னை எதையும் தூக்க விடுறதில்ல."

அவள் கை நீட்டிய இடத்தைப் பார்த்தேன். பனி அள்ளுகிற தட்டை இழுத்த தடம் என் கேட்டில் தொடங்கி, ஓனுமா அம்மாள் ஜன்னலை மறைத்த குவியலில் போய் முடிந்தது.

தெருவே அந்தக் குவியலைத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உறுமல் நன்றாகக் கேட்டது.

அதிகாரி இருமினார். "முதல் சான்றே இப்படின்னா, மனுவை எப்படிய்யா மேல அனுப்புறது?"

பேனாவை எடுத்துப் பனி விஷயத்தையும் ஒன்பதே கால் மீட்டரையும் அடித்தேன். தாளை எடுத்துக்கொண்டு ஓனுமா அம்மாள் கதவைத் தட்டினேன்.

அவர் முழுதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பேப்பர் போட விடிகாலை மூணு மணிக்கே கிளம்புறவ நான். அந்த உறுமலை என்னைவிட யாரு கேட்டிருக்கா? இப்ப மனுவுல பொய் இல்ல, அனுப்புங்க."

"அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னேனே. பனியை அள்ளுறது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?"

"சொல்லியிருந்தா, மறுநாளே நீங்க தட்டைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்திருப்பீங்களே, அண்ணே."