நூலகத்தில் ஒரு பதவி உயர்வு

வெள்ளைக் கோட்டு அவருக்குக் கொஞ்சம் பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

போன வருடம் அவர் வயிற்றுவலி. அதற்கு முந்தின வருடம் கால் முறிவு.

இந்த வருடம் பேராசிரியர்.

மருத்துவக் கல்லூரியைச் சோதிக்க வடக்கேயிருந்து ஆட்கள் வரும் நாளில், ஊர் ஊராகப் பேருந்து அனுப்பி நோயாளிகளை ஏற்றிவருவது அங்கே வழக்கம். படுத்துக் கிடந்தால் கூலி. முனகினால் பிரியாணியில் கூடுதலாக ஒரு முட்டை. இந்த முறை நோயாளிகள் தாராளமாகக் கிடைத்துவிட்டார்கள். டாக்டர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

"நரைச்ச தாடி, கண்ணாடி. அண்ணாச்சி, நீங்க லைப்ரரிக்குப் போங்க" என்றான் ஆள் பிடிக்கும் பூவலிங்கம்.

அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வயிற்றுவலிக்குப் படுக்கையாவது கொடுத்தார்கள்.

நூலகத்தில் குளிர் நடுக்கியது. பெண் பார்க்கும் வீட்டு மிக்சர் தட்டு மாதிரி, கணினிகள் யாரும் தொடாமல் பாலிதீன் உறையோடு இருந்தன.

சுவரில் பலகை. கேட்கும் கட்டுரையைத் தேடித் தருவார்களாம். இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்களாம். சந்தேகம் இருந்தால் நூலகரைக் கேட்கலாமாம்.

கேட்க ஒரு ஈகூட வந்ததில்லை. அவர் உட்கார்ந்தபோது நாற்காலி திடுக்கிட்டது.

நூலகர் மரகதவல்லி தடிமனான புத்தகம் ஒன்றை முன்னால் வைத்தாள்.

"பக்கத்த மெதுவாப் புரட்டுங்க. எச்சி தொட்டுராதீங்க. வெத்தலையத் துப்பிட்டு வந்தீங்கல்லா?"

துப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இதயநோய் நிபுணர். காலையில் கேண்டீனில் தோசை வார்த்துப் போட்ட நம்பிராஜன்தான். ஸ்டெதாஸ்கோப்பைத் துண்டு மாதிரி தோளில் போட்டிருந்தான்.

எழவெடுத்த காலேஜ், என்று நினைத்துக்கொண்டார். இங்கே படித்து வெளியே போகிறவன் கையில் எந்தப் பாவி மாட்டுவானோ.

பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்தை விட்டு வந்தபின் அவற்றைத் தொட்ட முதல் விரல் அவருடையது. நகத்தால் பிரித்தார்.

வண்ணப்படம்.

திறந்த வாய். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய் ஒரு திட்டு. நடுவில் சிவப்பு.

அவருடைய நாக்கு தானாக இடது கன்னத்துக்குப் போனது.

அங்கே இருந்தது.

பொங்கலிலிருந்து இருக்கிறது. காரம் பட்டால் எரியும். சுண்ணாம்பு கூடிப்போயிற்று என்று விட்டிருந்தார்.

அடுத்த படத்தில் அதே கன்னம். வெளியிலிருந்தே பல் தெரிந்தது.

கீழே இங்கிலீஷில் பொடி எழுத்து.

"நம்பி, இதுல என்னடே போட்டிருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான் ஹார்ட்டுல்லா."

கதவு திறந்தது. வடக்கத்தி ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் டை கட்டியிருந்தார்.

அசல் டாக்டர். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாரை நம்புவது?

கூலி போனால் போகட்டும். அவர் எழுந்தார். ஒரு விரலைப் படத்தின் மேல் வைத்தார். இன்னொரு விரலால் கன்னத்தை இழுத்து, வாயை ஆவென்று திறந்தார்.

மரகதவல்லியின் முகம் வெளுத்தது.

அசல் டாக்டர் படத்தைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை.

"வெரி குட், புரொபசர். வெரி குட் டீச்சிங்."

தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கல்லூரி தேறிவிட்டது.

நம்பிராஜன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிரியாணி பரிமாற ஓடினான். மற்ற நிபுணர்கள் பின்னாலேயே ஓடினார்கள். அவர் மட்டும் நகரவில்லை.

மரகதவல்லி சாவியோடு வந்தாள்.

"பூட்டணும் அண்ணாச்சி."

அவர் சுவர்ப் பலகையைக் காட்டினார். பிறகு பொடி எழுத்தைக் காட்டினார். பிறகு, இன்னொரு தரம், வாயைத் திறந்தார்.

அவள் குனிந்து படித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் வந்த முதல் சந்தேகம்.

திரும்பவும் படித்தாள். செல்போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள்.

சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"கூட யாரும் வந்திருக்காங்களா அண்ணாச்சி?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே, கட்டுகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கால் முறிவுகள் பந்தியில் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு பஸ்ஸு நெறைய வந்திருக்காவ" என்றார்.