கெரான்

“கெரான் வேணும்னா கெரான் கொண்டு வாங்கலா,” என்றான் விவசாய அதிகாரி தர்மேந்திரன்.

உர மானியத்துக்கும் அதே பெயர், நிலப்பத்திரத்துக்கும் அதே பெயர். பழைய எஸ்டேட் மண்ணில் கத்தரி போடும் சதாசிவத்துக்குப் பத்திரம் ஏது? “மூணு தலைமுறையா இங்க ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தோம்!” என்று கத்திவிட்டு அவரின் பட்டதாரி மகள் பிரமிளா வெளியேறினாள். சதாசிவம் மட்டும் ஏதோ ஒரு காகிதத்தை அதிகாரியிடம் நீட்டிவிட்டு வந்தார்.

மானியம் பாஸாகிவிட்டது!

மறுவாரம் தர்மேந்திரன் அளவு நாடாவோடு வந்தான். “நிலம் எங்க அண்ணே?”

சதாசிவம் வாசலில் நின்ற மோட்டார்சைக்கிளைக் காட்டினார். “மோட்டார் பத்திரத்துக்கும் கெரான்னுதானே பேரு தம்பி? அதைத்தான் கொடுத்தேன்.”

அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனே தர்மேந்திரன்தான்; வெளியே தெரிந்தால் அவனுக்குத்தான் வம்பு. மோட்டாரை நீளம், அகலம் அளந்தான்.

“நிலம் கொஞ்சம் சின்னது. பயிர் எங்க?”

பிரமிளா கத்தரிக் கன்று ஒன்றை மண்ணோடு பிடுங்கி வந்து மோட்டாரின் முன்கூடையில் வைத்தாள்.