தச்சர் வீட்டுத் தாழ்ப்பாள்

சம்பந்தி வீட்டார் வருவதற்கு இன்னும் இரண்டே நாள். குளியலறைத் தாழ்ப்பாள் இன்னும் விழவில்லை.

தள்ளினால் நாக்கு நகர்ந்து வந்து, நிலையில் இருக்கும் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். துளைக்குள் போகாது. மூன்று மாதமாக ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அவள் குளிக்கிறாள்.

இத்தனைக்கும் புருஷன் தச்சர். அவர் மாட்டிய கதவு மழைக்கு இறுகாது, வெயிலுக்குத் தொங்காது என்று ஊரே சொல்லும். சொந்த வீட்டில் மட்டும் கை ஓடவில்லை.

அவளும் சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் திருப்புளியோடு வருவார், அரை மணி நேரம் முட்டிபோட்டு உட்காருவார், "மரம் ஊறியிருக்கு" என்பார், எழுந்து போய்விடுவார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

போதாக்குறைக்கு, அவள் குளிக்கப் போனால்தான் அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் காணாமல் போகும். டேப் எங்கே, பென்சில் எங்கே, கண்ணாடி எங்கே. தலை நிறைய நுரையோடு அவள் உள்ளேயிருந்து பதில் கத்தவேண்டும். வெளியே வந்து பார்த்தால் கண்ணாடி அவர் மூக்கின்மேலேயே இருக்கும்.

சம்பந்தியம்மாள் இந்தக் கதவைப் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். பெண்ணைக் கொடுத்த இடம். இங்கே சிரித்துவிட்டுப் போவதை அங்கே மகள்தான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

அவள் ஆணியைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆணி, அவரோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிசு. அதனால் அந்தப் பெயர். தச்சர் வீட்டுக் கதவைச் சரிசெய்ய இன்னொரு தச்சர் வருவதைப் போல அவமானம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். கோபம் கண்ணை மறைத்திருந்தது.

அவர் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணி கதவை இரண்டு முறை ஆட்டினார். கீல் சரி. கதவு சரி. தகட்டின் திருகாணிகளைக் கழற்றினார், தகடு கையோடு வந்தது.

தகட்டைக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

நிலை மரத்தில், நாக்கு வந்து விழவேண்டிய அதே இடத்தில், ஏற்கெனவே ஒரு துளை போட்டிருந்தது. அதை அதே மரத்துண்டால், மரவரிகூடப் பிசகாமல் அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. அதற்குப் பிறகுதான் தகட்டை அரை விரல் கீழே இறக்கி மாட்டியிருந்தது. கெடுக்கிற வேலையைக்கூட அந்தக் கைக்கு மோசமாகச் செய்யத் தெரியவில்லை.

அடைத்த மரத்தின்மேல் பென்சிலால் ஒரு தேதி. முடித்த வேலைக்குக் கண்ணில் படாத இடத்தில் தேதி போடுவது அவள் புருஷன் பழக்கம்.

அந்தத் தேதி அவளுக்கு மறக்காது. அன்று சாயங்காலம்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கு நாலு நாள் முன்னால், தாழ்போட்டுக்கொண்டு குளிக்கும்போது உள்ளேயே மயங்கி விழுந்திருந்தாள். பழைய கதவை அவர் பிளந்துதான் தூக்கவேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தாளோ, அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: வழுக்கிவிட்டது, அவ்வளவுதான், இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

அவர் எடுக்கவே இல்லை.

"தகட்டை மேல ஏத்தி மாட்டிடவா அண்ணி?" ஆணி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இருந்த இடத்துலயே மாட்டிடுங்க. மரம் ஊறியிருக்கு."

சம்பந்தியம்மாள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையில் அவள் வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கவில்லை. முதல் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டாள். வெளியே உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் எதையாவது தொலைக்கும் நேரம்.

அவள் முந்திக்கொண்டாள்.

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு."

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் மெல்ல மறுபடி தொடங்கியது.