கதவோரத்து நாவல்

கதவுக்கு வெளியே மனைவி விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். உள்ளே நாவலாசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இரண்டு வாரமாக முரண்டு பிடித்த கடைசி அத்தியாயம் இப்போதுதான் வழிக்கு வந்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் வாரப் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும், மணி பதினொன்று. நாற்காலியை ஓசைப்படாமல் கதவோரம் நகர்த்தி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

அவருடைய குடும்ப நாவல்களில் வசனம் அசல் வீட்டுப் பேச்சு மாதிரியே இருப்பதாக வாசகர்கள் உருகுவார்கள். இருக்காதா பின்னே? பத்து வருடமாக எல்லாம் இந்தக் கதவு வழியாக வந்த சரக்குதான். குனிந்து ஒட்டுக் கேட்டுக் கேட்டு முதுகே போய்விட்டது மனிதருக்கு.

போன மாதம் ஒரு விழாவில், "எழுத்தையும் குடும்பத்தையும் எப்படி ஒன்றாகச் சமாளிக்கிறீர்கள்?" என்று யாரோ கேட்டார்கள். "நான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை" என்றார். அரங்கமே கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த மனைவி தட்டவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

"என்னால இனிமே ஸ்கூலுக்குப் போக முடியாதும்மா" என்றாள் வெளியே மகள். பத்தாவது படிப்பவள். "கணக்குல ஃபெயிலாகி உன் மடியில படுத்து அழுதேன்ல? நீயும் நானும் மட்டும் பேசினது அது. அப்படியே பத்திரிகையில வந்திருக்கு. கிளாஸ்ல ஒருத்தி எழுந்து நின்னு நடிச்சே காட்டினா. டீச்சரும் சிரிச்சாங்க."

நாவலாசிரியரின் விரல்கள் பறந்தன. 'டீச்சரும் சிரிச்சாங்க' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட வாக்கியம்!

"அப்பாகிட்டயே சொல்லிடலாம்னு நேத்து கதவைத் தட்டினேன். 'எழுதறேன்ல, அப்புறம் வா'ன்னுட்டார்."

இந்த வரியை எழுதினால் அப்பா பாத்திரத்தின் மேல் வாசகர்களுக்குக் கோபம் வரும். அதனால் விட்டுவிட்டார்.

"அழாதே. முடிவு பண்ணியாச்சு" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி. "ஒரே வீட்டுல இனிமே சரிப்படாது. அங்கேயும் பேசிட்டேன். மாடி ரூம் காலியாத்தான் இருக்காம். பன்னண்டு மணிக்கு டாக்ஸி."

ஆகா! நாயகி மகளோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்! இது ஏன் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்று தொடையில் தட்டிக்கொண்டார். வெளியே பெட்டியின் ஜிப் சர்ரென்று இழுபட்டது. அதையும் சேர்த்துக்கொண்டார்.

"எல்லாம் வெச்சாச்சாம்மா?" என்றாள் மகள்.

"வெச்சாச்சு. ஐயோ, முதுகுவலித் தைலம்! அதை எடு."

தைலம் அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணீரும் கம்பலையுமாகக் கிளம்புகிற நாயகி தைலத்தையா தேடுவாள்? அதை அடித்துவிட்டு 'கல்யாண போட்டோ' என்று மாற்றினார். இத்தனை வருடம் ஓர் எழுத்தாளனோடு குடித்தனம் நடத்தியும் இவர்களுக்கு இந்தச் சின்ன நயம் பிடிபடவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

பெட்டியின் சக்கரங்கள் கூடத்தில் கடகடவென்று உருண்டன. அவர் கை தாழ்ப்பாள் வரை போய்விட்டது. ஆனால் இப்போது வெளியே போனால் சமாதானம் ஆகிவிடுவார்கள், கிளைமாக்ஸ் குட்டிச்சுவராகிவிடும். கையை எடுத்துக்கொண்டார்.

"பெட்டி உருளுற சத்தம் கேட்டும் மனுஷன் வெளிய வரலை, பாரு" என்றாள் மனைவி. "இனிமே பேச என்னடி இருக்கு?"

அதுதான் கடைசி வரி. அடித்து முடித்து, 'முற்றும்' போட்டு, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார். மறு நிமிடமே பத்திரிகை ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: 'கண் கலங்கிவிட்டது சார்!'

நாவல் முடிந்தது, இனிக் குடும்பத்தைக் கவனிக்கலாம். தலையைக் கோதிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வாசல் பக்கம் பெரிய பெட்டி நின்றது. அதன் அருகே மனைவி. மகள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இல்லாத வீடு எனக்கு வீடே இல்லை" என்று குரலைத் தழைத்தார். "நாலு சுவரு, ஒரு கூரை. அவ்வளவுதான்."

"அது முப்பத்திரண்டாம் அத்தியாயம்ப்பா" என்றாள் மகள்.

மகள் திரும்பினாள். அழுதழுது வீங்கியிருந்த அந்த முகத்தைப் பல நாள் கழித்து நேராகப் பார்த்தார். நிஜமாகவே பயம் வந்தது. தன்னுடைய சொந்த வசனம் என்று ஒன்று வெளியே வர அவர் ரொம்பவே திண்டாடினார்.

"தப்புதான் கண்ணு. பெரிய தப்பு. இனிமே ஒட்டுக் கேட்க மாட்டேன். உங்களைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்" என்றவருக்குக் குரல் உடைந்தது. "உங்களை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா? போகாதீங்க!"

பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவில் டாக்ஸி ஹாரன் அடித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"நாங்க எங்கேயும் போகலீங்க. பெட்டியில இருக்கறது உங்க துணி."