கடைசி இரண்டு எழுத்து

பாறை துளைப்பவர், வருகைப் பதிவு மென்பொருளை எழுதிய புரோகிராமரின் காலரை முறுக்கி, அவன் முகத்தை மேஜையில் மோதுகிறார். கீபோர்டு தெறிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, இடிந்து விழுந்து, வெயிலில் இன்னும் புழுதி அடங்காத சுரங்க வாயிலில், மீட்பு இயந்திரங்களை அணைத்துவிட்டார்கள். உள்ளே போனது ஒரே ஒருவர் என்கிறது கணினியின் வருகைக் கோப்பு; அவரும் வெளியே வந்துவிட்டார். கிளம்புவதற்காகத் தொப்பியை மாட்டுகிறார் மீட்பு அதிகாரி.

“ஏழு பேருடா போனோம்! உளி எடுக்க நான் மட்டும் வெளிய வந்தேன். என் தம்பி உள்ள கெடக்கான்டா!”

“தப்பு என்னோடதுதாண்ணே.” புரோகிராமர் ரத்தத்தை விழுங்குகிறான். “ஒவ்வொரு பேரையும் எழுதுறதுக்கு முன்னாடி ஃபைலோட கடைசிக்குப் போகணும்னு புரோகிராமுக்குச் சொல்லணும். அந்த ஒரு வரிய விட்டுட்டேன். எல்லாப் பேரும் ஆரம்பத்துலயே, ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கு.”

திரையை நோக்கிப் பாறை துளைப்பவர் ஓங்கிய முஷ்டி அந்தரத்தில் நிற்கிறது. அங்கே இருப்பது அவருடைய பெயர். தம்பிக்கு அடுத்து, கடைசியாக நுழைந்தவர் அவர்தான். அவருடைய சின்னப் பெயரால் மூட முடியாமல், தம்பியின் நீளப் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அவர் அதிகாரியின் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை அந்த எழுத்துகளின் மேல் அழுத்துகிறார்.

“படிங்க சார். சத்தமாப் படிங்க.”